சாந்துச் சட்டியும் கரணையும்

தேச நிர்மாணம் என்று மேடைகளில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். நிர்மாணம் என்றால் கட்டுவதுதானே? ஆகையால் கல்லும் மண்ணும் சுமந்து மெய்யாகவே கட்டுகிறவர்களைப் பற்றியும் சற்றுப் பேசலாம் அல்லவா?

சென்னைக்கு மேற்கே உள்ள அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லிப் பகுதிகள் ஒரு காலத்தில் ஏரியும் வயலுமாக இருந்தவை. 1955-ஆம் வருஷம் ஜனவரியில் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மகாசபை, சோஷலிஸ பாணிச் சமுதாயமே லட்சியம் என்று தீர்மானித்தது. அடுத்த பத்து வருஷங்களில் அங்கே டாங்கித் தொழிற்சாலையும், அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் எழுந்தன. இன்று வயல் இருந்த இடங்களில் அடுக்கு மாடி வீடுகள். அவற்றைக் கட்டப் போகிறவர்கள் விடியற்காலையில் நாற்சந்திகளில் வேலைக்காகக் காத்து நிற்கிறார்கள். தூக்குப் பாத்திரமும் சும்மாட்டுத் துணியுமாக நிற்கும் ஸ்திரீகள் அவர்களில் அநேகர். அவர்களுக்குச் சித்தாள் என்று பெயர்.

மணல் சலிப்பது, தண்ணீர் எடுப்பது, சாந்து குழைப்பது, சுமப்பது, எல்லாம் சித்தாளின் பொறுப்பு. ஒரு செங்கல் ஏறக்குறைய மூன்று கிலோ எடை. எட்டுக் கல்லைத் தலையில் அடுக்கிக்கொண்டு, கைப்பிடிச் சுவர் இல்லாத படிகளில் அவள் ஏறுகிறாள். ஒரு தடவை, இரண்டு தடவையல்ல, நாள் முழுவதும். சாந்து எந்தப் பதத்தில் இருக்க வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். தூக்குக்குண்டு சற்றே விலகினாலும் கீழே நின்றபடி கண்டு சொல்வாள். ஆனால் கரணை மட்டும் அவள் கைக்கு வருவதில்லை.

அவளோடு அதே நாளில் எடுபிடியாக வந்து சேர்ந்த பையனைப் பாருங்கள். ஓய்வு வேளையில் கொத்தனார் அவனைக் கூப்பிட்டு, "இந்த மூலையைப் பூசு, பார்க்கலாம்" என்கிறார். சில வருஷங்களில் அவன் கொத்தனார், பிறகு மேஸ்திரி. அவளோ இருபது வருஷம் கழித்தும் சித்தாள்தான்.

பெண்ணுக்குக் கட்டிட சாஸ்திரம் வராது என்று சொல்வோர் உண்டு. அவர்களைக் கிண்டி இஞ்சினீயரிங் கலாசாலைக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறோம். 1940-களிலேயே மூன்று பெண்கள் அங்கே பட்டம் பெற்றார்கள். அவர்களில் ஏ. லலிதா மின்சாரப் பொறியியல் படித்தவர். பதினெட்டு வயதில் கணவனை இழந்து, கைக்குழந்தையோடு படிக்க வந்தவர். பி. கே. திரேசியாவும் லீலாம்மா ஜார்ஜும் படித்தது கட்டிட, சாலைப் பொறியியல். திரேசியா 1971-ல் கேரளப் பொதுப்பணி இலாகாவின் தலைமை இஞ்சினீயரானார். பாரத தேசத்திலேயே அப்பதவியை வகித்த முதல் பெண்மணி அவர். அதே கேரளத்தில் பிற்காலத்தில் குடும்பஸ்ரீ குழுக்களைச் சேர்ந்த சாமானியப் பெண்கள் அஸ்திவாரம் முதல் கூரை வரை தாங்களே வீடுகள் கட்டியிருக்கிறார்கள். ஆகவே கை வராது, கணக்கு வராது என்ற பேச்சு இனிச் செல்லாது.

ஸர்க்கார் சும்மா இருந்ததாகவும் சொல்ல மாட்டோம். 1994-ல் தமிழ்நாட்டில் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் ஏற்பட்டது; பதிந்துகொண்ட பெண்களுக்குப் பிரசவ உதவி முதலியன உண்டு. அதற்கு முன்பே, 1976-ல், ஒரே வேலை செய்யும் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்று சட்டம் பிறந்துவிட்டது. நல்ல சட்டந்தான். ஆனால் கொத்தனார் வேலையையே பெண்ணுக்குக் கொடுக்காத இடத்தில் "ஒரே வேலை" எங்கிருந்து வரும்? சட்டம் வாசலிலேயே நின்றுவிடுகிறது.

இதில் வீடு கட்டுகிற நமக்கும் பங்கு உண்டு. சதுர அடிக்கு இவ்வளவு என்று மேஸ்திரியிடம் பேரம் பேசுகிறோம். சிமெண்டு எந்தக் கம்பெனி, கம்பி எத்தனை மில்லிமீட்டர் என்றெல்லாம் கேட்கிறோம். சுவர் எழுப்புகிறவர் யார், அவருக்கு என்ன கூலி என்று கேட்பதில்லை. நாமும் கேட்டதில்லை.

அண்மையில் அம்பத்தூரில் ஒரு கட்டிடத்தின் முன் நின்று கேட்டே விட்டோம். "இந்த அம்மாள் இத்தனை வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாரே, ஒரு சுவரைப் பூசச் சொன்னால் என்ன?" என்றோம்.

மேஸ்திரி சிரித்தார். "பூசுவா ஸார், நல்லாவே பூசுவா. ஆனா இன்னைக்குக் கரணையைக் கையிலே கொடுத்தா, நாளைக்குக் கொத்தனார் கூலி கேட்பாளே!"