வாயில்லா ஜீவனுக்கு வருஷத்தில் ஒரு நாள்

எதிர்வீட்டு அம்மாள் வளர்க்கும் ஜிம்மி என்ற பொமரேனியன் நாய்க்குச் சென்ற தை மாதத்தோடு ஒன்பது வயது நிறைந்தது. தடுப்பூசித் தவணை வந்துவிட்டதென்று நினைவூட்டிய நான், ஊசி போட்டதும் திரும்பிவிடாமல் டாக்டரிடம் சொல்லி அவனை ஒருதரம் தலைமுதல் வால்வரை முழுக்கப் பார்க்கச் செய்யுங்கள் என்றும் சொன்னபோது, திண்ணையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்த அந்த அம்மாள் கை வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டார்:

"வேளாவேளைக்குச் சாப்பிடறான், வாசல்ல யார் வந்தாலும் குலைக்கிறான், ராத்திரி நல்லாத் தூங்கறான். நல்லா இருக்கிறவனை எதுக்கு சார் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போகணும்?"

நியாயமான கேள்வி. மனிதர்களாகிய நம் விஷயத்திலேயே இக்கேள்வியை விஞ்ஞானிகள் மிகுந்த சிரத்தையுடன் எழுப்பி, விடையும் தேடியிருக்கிறார்கள். நோய்க்குறி எதுவும் இல்லாதவர்கள் காலக்கிரமப்படி செய்துகொள்ளும் பொதுவான உடற்பரிசோதனை அவர்களுடைய ஆயுளை நீட்டிக்கிறதா என்று, ஒரு லட்சத்து எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பங்குகொண்ட பல ஆராய்ச்சிகளை ஒன்றுசேர்த்து, டென்மார்க்கைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் 2012-இல் வெளியிட்ட ஆய்வுரை, மரணங்களின் எண்ணிக்கையை அப்பரிசோதனைகள் குறைத்ததாகத் தெரியவில்லை என்றே முடித்தது. வாய் திறந்து பேசும் மனிதனுக்கே பிரயோஜனம் சந்தேகமென்றால், நாய்க்கு எதற்கு என்று கேட்பவரை நாம் குறை சொல்ல முடியாது.

ஆயினும் நாயின் நிலைமை வேறு என்பதே என் அபிப்பிராயம். அதை விளக்குவதற்குமுன், நம் வீடுகளில் வெகுகாலமாக நிலவிவரும் ஒரு மயக்கத்தைத் தெளிவுபடுத்த வேண்டும். "வருஷத்துக்கு ஒருதரம் டாக்டர்" என்றால் "வருஷத்துக்கு ஒரு ஊசி" என்றே நம்மில் பலர் அர்த்தம் செய்துகொள்கிறோம். ஊசியின் கணக்கு தனி. குட்டி பிறந்ததும் குடிக்கிற சீம்பாலின் வழியாகத் தாயின் எதிர்ப்புச் சக்தி அதன் சரீரத்தில் சேர்ந்து சில வாரங்கள் தங்குகிறது. அது இருக்கும்வரை தடுப்பூசியையும் வேலை செய்யவிடாமல் தடுத்துவிடுகிறது. அது எந்த வாரத்தில் தீரும் என்று சொல்ல முடியாதாகையால்தான், ஆறு அல்லது எட்டு வாரத்தில் தொடங்கிப் பதினாறு வாரம்வரை மூன்று நான்கு வாரத்துக்கொருமுறை ஊசியைத் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். அந்த வரிசை முடிந்து, ஒரு வயதை ஒட்டி மறுபடியும் ஒருமுறை போட்டுவிட்டால், டிஸ்டம்பர், பார்வோ முதலிய கொடிய வியாதிகளுக்கு எதிரான காப்பு பல வருஷங்கள் நீடிக்கிறது. அவற்றுக்கு மூன்று வருஷத்துக்கு ஒருமுறைக்குமேல் அடிக்கடி போடவேண்டியதில்லை என்பதே இன்று உலகச் சிறுபிராணி மருத்துவர்களின் கொள்கை. எலிக்காய்ச்சலுக்கான ஊசியோ ஒரு வருஷத்துக்குமேல் தாங்குவதில்லை. வெறிநாய்க்கடி நோய்க்கான ஊசி நம் நாட்டில் வருஷந்தோறும் போடப்படுகிறது. அதில் எவ்விதத் தளர்ச்சியும் கூடாது. ஆக, எந்த வருஷம் எந்த ஊசி என்பது மாறலாம். பரிசோதனைக்கு அந்த ஊசிகளையெல்லாம் சாராத வேறு நியாயங்கள் உண்டு.

முதல் நியாயம் காலத்தைப் பற்றியது. நாயின் ஒரு வருஷம் மனிதனின் ஏழு வருஷம் என்று சொல்லும் பழைய கணக்கு சரியன்று. கலிபோர்னியாவிலுள்ள ஸான் டியேகோ சர்வகலாசாலையின் ஆராய்ச்சியாளர்கள், லாப்ரடார் நாய்களின் மரபணுக்களில் வயது ஏற ஏற உண்டாகும் ரசாயன அடையாளங்களை மனிதர்களுடையவற்றோடு ஒப்பிட்டு, 2020-இல் ஒரு சூத்திரத்தை வெளியிட்டார்கள். அதன்படி, ஒரு வயது லாப்ரடார் முப்பது வயதைத் தாண்டிய மனிதனுக்கும், நாலு வயதுடையது ஐம்பத்துமூன்று வயதினனுக்கும், ஒன்பது வயதுடையது அறுபத்தாறு வயதினனுக்கும் சமம். பொமரேனியன் போன்ற சிறிய ஜாதிகள் இன்னும் மெதுவாகவே மூப்படைகின்றன என்றாலும், இரண்டு வருஷம் டாக்டரைப் பார்க்காத நாய், அந்த இடைவெளியில் மனித வாழ்வின் எத்தனை வருஷங்களைக் கடந்துவிடுகிறது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது நியாயம் மௌனம். நோவை வெளிக்காட்டாமல் மறைத்துக்கொள்ளும் சுபாவம் நாயோடு பிறந்தது. பல் அழுகிக் கொண்டிருக்கும்போதும் அது ஆகாரத்தை விடுவதில்லை. மற்றப் பக்கத்துப் பல்லால் மென்றுகொள்கிறது, நாம் "நன்றாகத்தான் சாப்பிடுகிறது" என்று திருப்தியடைகிறோம். எங்கள் வீட்டில் பதினொரு வருஷம் இருந்த மணி என்ற நாய், கடைசிக் கோடையில் அடிக்கடி தண்ணீர்ச் சட்டியிடம் போனபோது, வெயிலின் கடுமை என்றே நான் நினைத்தேன். சிறுநீரகங்களின் வடிகட்டும் நுண்குழல்களில் மூன்றில் இரண்டு பங்கு பழுதான பிறகே நாய் அதிகமாகத் தண்ணீர் குடிக்கத் தொடங்குகிறது என்பதும், முக்கால் பங்கு பழுதான பிறகே ரத்தத்தில் கிரியாட்டினின் என்னும் கழிவுப்பொருள் பெரும்பாலும் ஏறித் தெரிகிறது என்பதும், மணியை இழந்த பிறகு நான் படித்துத் தெரிந்துகொண்டவை. சிறுநீரை ஒரு சிறு குப்பியில் பிடித்துக்கொண்டு போய், அதன் அடர்த்தியைப் பார்க்கச் சொல்லியிருந்தால், முந்தின வருஷமே அந்தச் செய்தி எனக்குக் கிடைத்திருக்கக்கூடும். இன்றும் அந்தத் தண்ணீர்ச் சட்டியைப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு கனக்கிறது.

நோய் வெளிப்படுமுன் கண்டுபிடிப்பதால் உண்மையாகவே நன்மை விளைகிறதா என்பதற்கு ஹிருதய நோயைக் காட்டிலும் தெளிவான சாட்சி கிடைப்பது அரிது. பொமரேனியன், டாஷண்ட் போன்ற சிறிய நாய்களுக்கு வயது ஏறினால், ஹிருதயத்தின் இடப்பக்கத்து மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே இருக்கும் வால்வு தடித்துச் சரியாக மூடாமற் போவது மிகச் சாதாரணம். ஒவ்வொரு துடிப்பிலும் கொஞ்சம் ரத்தம் பின்னோக்கிக் கசிகிறது. ஸ்டெதஸ்கோப்பை இடப்பக்க மார்பில் வைத்தால் இரண்டு துடிப்பொலிகளுக்கிடையே 'உஸ்' என்று ஓர் ஓசை கேட்கிறது. நாயோ வழக்கம்போல ஓடுகிறது, குலைக்கிறது, வாலை ஆட்டுகிறது. இந்த ஸ்திதியில், ஹிருதயம் பெருக்கத் தொடங்கியும் நோய்க்குறி இன்னும் தோன்றாத 360 நாய்களைப் பதினொரு தேசங்களில் தேர்ந்து, பாதிக்குப் பிமோபெண்டான் என்ற மருந்தையும் மற்றப் பாதிக்கு வெறும் மாத்திரையையும் கொடுத்துச் செய்த சோதனையின் முடிவு 2016-இல் வெளியாயிற்று. மருந்து பெற்ற நாய்களுக்கு ஹிருதயம் தளர்ந்து மூச்சுத்திணறும் நிலை ஏறத்தாழப் பதினைந்து மாதம் தள்ளிப்போயிற்று. நாயின் வாழ்வில் பதினைந்து மாதம் எத்தகைய கொடை என்பதை மேலே சொன்ன கணக்கைக் கொண்டு வாசகர்களே ஊகிக்கலாம். இருமல் வந்த பிறகு போகிறவனுக்கு அந்தக் கொடை கிட்டாது.

காதைப் போலவே கையும் தராசும் கருவிகளே. நல்ல வைத்தியர் தாடைக்கடியிலும் முழங்காலுக்குப் பின்னாலும் நிணநீர்க் கணுக்களைத் தடவிப் பார்க்கிறார்; வயிற்றை அழுத்திப் பார்க்கிறார்; பெண்நாயின் மடியில் கட்டி தட்டுப்படுகிறதா என்று தேடுகிறார்; உதட்டைத் தூக்கி ஈறின் நிறத்தைக் கவனிக்கிறார். தராசின் மகிமையை அமெரிக்காவில் 48 லாப்ரடார் குட்டிகளை இரண்டிரண்டாக இணைத்து ஆயுள் முழுவதும் கவனித்த ஓர் ஆராய்ச்சி நிலைநாட்டியது. ஒவ்வொரு இணையிலும் ஒன்றுக்குக் கால்பங்கு ஆகாரம் குறைக்கப்பட்டது. குறைவாகத் தின்றவற்றின் நடுத்தர ஆயுள் 13 வருஷம், மற்றவற்றினுடையது 11.2. மூட்டுவாதத்துக்கு மருந்து தேவைப்பட்ட காலமும் முன்னவற்றுக்குப் பிந்தியே வந்தது. பாலில் ஊறின பிஸ்கட்டையும் இரண்டாந்தரம் பிசைந்த தயிர்சாதத்தையும் அன்பென்று எண்ணி ஊட்டும் நாம், நாயின் விலா எலும்பு கைக்குத் தட்டுப்படுகிறதா என்று பார்ப்பதில்லை.

நம் சீதோஷ்ணத்துக்கே உரிய ஒரு காரணமும் உண்டு. சுவர் வெடிப்பிலும் கூண்டின் இடுக்கிலும் குடியிருக்கும் பழுப்பு உண்ணி, எர்லிக்கியா என்ற நுண்கிருமியை நாயின் ரத்தத்தில் செலுத்துகிறது. முதற்காய்ச்சல் தானாகவே தணிந்துவிட, நாய் தேறிவிட்டதென்று வீட்டார் நிம்மதியடைகிறார்கள். கிருமியோ மாதக்கணக்கில், சில சமயம் வருஷக்கணக்கில், உள்ளேயே பதுங்கியிருந்து ரத்தத் தட்டுகளைக் குறைத்து வருகிறது. இளம் நாய்க்கு வருஷந்தோறும் ரத்தப் பரிசோதனை அவசியமில்லை என்பது குளிர் தேசங்களுக்குப் பொருந்தலாம். உண்ணி ஓயாத நம் ஊர்களில் ரத்த அணுக்களை எண்ணிப் பார்ப்பதாவது செய்யத்தக்கது. தெருநாயோடு கூடிய ஆண்நாயின் குறித்தோலுக்குள் ஒளிந்து வளரும் ஒருவிதத் தொற்றுக்கட்டியும் இப்படிப் பரிசோதனையில் அகப்படுவதுண்டு. அதைப் பெரும்பாலும் சில வார ஊசிகளிலேயே கரைத்துவிடும் வின்கிரிஸ்டின் என்ற மருந்து, நம் கொல்லைப்புறங்களில் கேட்பாரற்றுப் பூத்துக்கிடக்கும் நித்தியகல்யாணியிலிருந்து எடுக்கப்படுவது என்பதை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இவ்வளவு சொன்னதனால், பரிசோதனை என்ற பெயரில் நீட்டப்படும் ஜாபிதா முழுவதற்கும் பணம் கட்ட வேண்டும் என்று நான் சொல்வதாக எண்ணலாகாது. இரண்டு வயது நாய்க்கு எக்ஸ்ரேயும் ஸ்கேனும் காரணமின்றி எடுப்பது வீண்செலவு. ஏழு எட்டு வயதுவரை வருஷத்துக்கு ஒருமுறை கையாலும் காதாலும் தராசாலும் பார்ப்பது, உண்ணி உள்ள ஊரில் ரத்த அணுக்களையும் எண்ணச் செய்வது, அந்த வயதுக்குமேல் முழு ரத்தப் பரிசோதனையும் சிறுநீரும் சேர்த்து, முடிந்தால் ஆறு மாதத்துக்கொருமுறை: இதுவே நான் கடைப்பிடிக்கும் கிரமம். இதற்குப் பெரிய ஆஸ்பத்திரி வேண்டுமென்பதில்லை. மாடும் ஆடும் வரிசையில் நிற்கும் அரசாங்கக் கால்நடை மருந்தகத்திலும் ஸ்டெதஸ்கோப் இருக்கிறது. 1903-இல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் வேப்பேரி ஆஸ்பத்திரிக்குத் தினந்தோறும் எத்தனையோ பேர் தம் பிராணிகளைக் கொண்டு செல்கிறார்கள்.

ஜிம்மியை அந்த வாரமே அழைத்துக்கொண்டு போனோம். டாக்டர் வெகுநேரம் ஸ்டெதஸ்கோப்பை இடப்பக்கத்தில் வைத்துக் கேட்டார். பிறகு ஸ்கேன் எடுக்கச் சொன்னார். வால்வில் லேசான கசிவு உண்டு, ஹிருதயம் இன்னும் பெருக்கவில்லை, ஆகையால் இப்போது மருந்து வேண்டாம், ஆறு மாதம் கழித்து வாருங்கள் என்றார். அதுவரை, அவன் தூங்கும்போது ஒரு நிமிஷத்தில் எத்தனைமுறை மூச்சு விடுகிறான் என்று எண்ணி வையுங்கள், முப்பதைத் தாண்டினால் உடனே தெரிவியுங்கள் என்று அந்த அம்மாளிடம் சொல்லி அனுப்பினார்.

இப்போது அவர் இராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் கடிகாரத்தை மடியில் வைத்துக்கொண்டு, வாசற்படியருகே சுருண்டு கிடக்கும் ஜிம்மியின் விலா ஏறி இறங்குவதை எண்ணி, பால் கணக்கு எழுதும் நோட்டின் கடைசிப் பக்கங்களில் தேதி போட்டு எழுதி வருகிறார். நேற்று எனக்குக் காட்டினார். கடைசியாக எழுதியிருந்த எண் 22.