எண்ணெய் கொட்டினால் யார் பொறுப்பு?

2017 ஜனவரி 28 அன்று அதிகாலையில் எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. சில நாள்களில் கரையெங்கும் கறுப்புக் குழம்பு. இளைஞர்களும் மீனவர்களும் அதை வாளி வாளியாக அள்ளியதை நீங்களும் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். அப்போது நான் ஒன்பதாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுத்துக்கொண்டிருந்தேன். மீன் விற்கும் பெண் ஒருவரின் மகன் எழுந்து கேட்டான்: “சார், இதுக்கு யார் காசு கொடுப்பாங்க?”

“கப்பல்காரர்தான்” என்றேன்.

“அவர் என் மேல தப்பு இல்லைன்னு சொன்னா?”

எனக்குப் பதில் தெரியவில்லை. தேடிப் படித்தபோதுதான், 1967இல் பிரிட்டனும் பிரான்சும் இதே கேள்வியில் சிக்கித் திணறியதை அறிந்தேன்.

அந்த ஆண்டு மார்ச் 18 அன்று ‘டோரி கேன்யன்’ என்ற எண்ணெய்க் கப்பல் இங்கிலாந்தின் தென்மேற்கு முனைக்கு அப்பால் ‘செவன் ஸ்டோன்ஸ்’ பாறைத்திட்டில் மோதியது. அதில் குவைத்திலிருந்து ஏற்றிவந்த சுமார் 1,19,000 டன் கச்சா எண்ணெய் இருந்தது. அலைஏற்றம் தணிவதற்குள் துறைமுகம் சேர வேண்டுமென்ற அவசரத்தில் கேப்டன் குறுக்குவழியில் வந்திருந்தார். எண்ணெயைக் கரைக்கக் கொட்டிய ரசாயனங்கள் கடல் உயிர்களுக்கு எண்ணெயைவிடக் கேடாயின. கடைசியில் பிரிட்டிஷ் விமானங்களே குண்டு போட்டுக் கப்பலையும் எண்ணெயையும் எரிக்க முயன்றன.

அடுத்த முறை இந்தப் பாடம் வந்தபோது கரும்பலகையில் இப்படி எழுதினேன். கப்பலின் கொடி லைபீரியா. உரிமைக் கம்பெனி பெர்முடாவில். நீண்டகால வாடகைக்கு எடுத்தது அமெரிக்கக் கம்பெனி. அந்தப் பயணத்தில் சரக்கு ஒரு பிரிட்டிஷ் கம்பெனிக்கு. கேப்டன் இத்தாலியர். விபத்து நடந்ததோ பிரிட்டனின் கடல் எல்லைக்கு வெளியே. “எந்த நாட்டுச் சட்டம் செல்லும்?” என்று கேட்டதும் வகுப்பு இரண்டு பட்டது. அன்றைய வக்கீல்களின் நிலையும் அதுதான்.

பழைய சட்டத்தில் இரண்டு முட்டுக்கட்டைகள் இருந்தன. ஒன்று, கப்பல்காரரின் கவனக்குறைவை நஷ்டப்பட்டவர்தான் நிரூபிக்க வேண்டும். 1950களில் இங்கிலாந்தின் சவுத்போர்ட் நகராட்சி இப்படித்தான் தோற்றது. தரைதட்டிய கப்பலைக் காப்பாற்ற 400 டன் எண்ணெயைக் கடலில் விட்டார்கள். அது நகரின் கரையில் ஒதுங்கியது. கவனக்குறைவு நிரூபிக்கப்படவில்லை என்று வழக்கு விழுந்தது. இரண்டாவது, இழப்பீட்டுக்கு உச்சவரம்பு. 1851ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டப்படி, விபத்துக்குப் பிறகு கப்பலில் மிஞ்சியிருப்பதன் மதிப்பே பெரும்பாலும் உரிமையாளரின் கடன். டோரி கேன்யனில் மிஞ்சியது ஓர் உயிர்காப்புப் படகு. மதிப்பு 50 டாலர். இதைச் சொன்னபோது பிள்ளைகள் சிரித்தார்கள். கரையோரம் வாழ்ந்தவர்களுக்குச் சிரிப்பு வந்திருக்காது.

உரிமையாளரைப் பிடிக்க வழியில்லாமல் பிரிட்டன் காத்திருந்தது. நான்கு மாதம் கழித்து அதே கம்பெனியின் இன்னொரு கப்பல் சிங்கப்பூருக்கு வந்தபோது, ஓர் இளம் வக்கீல் ஏறிச் சென்று பாய்மரத் தண்டில் நீதிமன்ற ஆணையை ஒட்டினார். விஸ்கி விற்க வந்தவர் என்று நினைத்து மாலுமிகள் அவரை ஏறவிட்டார்களாம்! 1969இல் இரு நாடுகளுக்கும் சேர்த்து 30 லட்சம் பவுண்டு கிடைத்தது.

அதே ஆண்டு நவம்பரில் பிரஸ்ஸல்ஸில் உருவான பொறுப்பு உடன்படிக்கை, பழைய வழக்கத்தைத் தலைகீழாக்கியது. தவறை நிரூபிக்கத் தேவையில்லை. எண்ணெய்க் கப்பலிலிருந்து கொட்டினாலே உரிமையாளர் பொறுப்பு. போர், பெரும் இயற்கைச் சீற்றம், கலங்கரை விளக்கத்தை அரசு பராமரிக்காதது போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. 2,000 டன்னுக்கு மேல் எண்ணெய் ஏற்றினால் காப்பீடு கட்டாயம். காப்பீட்டுக் கம்பெனியின் மீதே நேராக வழக்குப் போடலாம். சிங்கப்பூரில் பாய்மரம் தேட வேண்டாம்.

ஆனால் இதற்கு ஈடாகக் கப்பல்காரர்களும் ஒன்று பெற்றார்கள். உச்சவரம்பு நீடித்தது, தொகை மட்டும் உயர்ந்தது. அதற்கு மேலான நஷ்டத்துக்கு 1971இல் தனி நிதியம் ஏற்பாடாயிற்று. ஆண்டுக்கு 1,50,000 டன்னுக்கு மேல் கடல்வழி எண்ணெய் பெறுபவர்கள் அதற்குப் பணம் கட்ட வேண்டும். எண்ணெயால் லாபம் பெறுபவரும் சுமையில் பங்கேற்கட்டும் என்ற இந்த யோசனைதான் எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது.

அமெரிக்கா இதில் சேரவில்லை. 1989 மார்ச் 24 அன்று அலாஸ்காவில் ‘எக்ஸான் வால்டெஸ்’ பாறையில் ஏறி, சுமார் 1.1 கோடி கேலன் எண்ணெய் கொட்டியது. அடுத்த ஆண்டே அமெரிக்கா தனிச்சட்டம் இயற்றியது. அதன்படி புதிய எண்ணெய்க் கப்பல்களுக்கு இரட்டை அடிச்சுவர் கட்டாயம். மாநிலங்கள் விரும்பினால் வரம்பே இல்லாமல் பொறுப்பு சுமத்தலாம். ஆனால் அலாஸ்கா மீனவர்களின் வழக்கு 2008 வரை இழுத்தது. ஜூரி விதித்த 500 கோடி டாலர் தண்டத்தொகை, உச்ச நீதிமன்றத்தில் சுமார் 50 கோடியாகச் சுருங்கியது.

சர்வதேச உடன்படிக்கைகள் 1992இல் திருத்தப்பட்டு வரம்புகள் உயர்ந்தன. இந்தியாவும் அவற்றில் உறுப்பு நாடு. அந்த நிதியத்திடம் கரையைச் சுத்தம் செய்த செலவை மட்டுமல்ல, மீன் பிடிக்க முடியாமலும் விற்க முடியாமலும் போன வருமானத்தையும் கேட்கலாம். எண்ணூரில் வலை நனையாதவர்களுக்கும் அடி விழுந்தது. வாங்க ஆளில்லாமல் கூடை கூடையாக மீன் தேங்கியது.

ஆனால் கேட்பவர் வருமானத்துக்குச் சான்று காட்ட வேண்டும். தலைச்சுமையாக மீன் விற்பவரிடம் ரசீது ஏது? இதை அந்த மாணவனிடம் சொன்னபோது அவன் பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருந்தான். சற்று யோசித்துவிட்டு, “அம்மா ஏலத்துல எடுக்கிற மீன் கணக்கை ஒரு பழைய நோட்டுல எழுதி வைப்பாங்க சார். அது செல்லுமா?” என்றான்.

தேதியும் தொகையும் தெளிவாக இருந்தால், ஏலக்காரரும் ஒப்புக்கொண்டால், எடுத்துக்காட்டலாம் என்றேன். அடுத்த வாரம் அந்த நோட்டைக் கொண்டுவந்து காட்டினான். தொகை எல்லாம் இருந்தது. தேதி மட்டும் இல்லை.