இணையத்தளமும் பொருள்நோக்குச் செய்நிரலாக்கமும்



செய்தித்தாள்கள், பல்கலைக்கழகங்கள், அரசாங்கத் திணைக்களங்கள் முதலியன நடத்தும் இணையத்தளங்களில் நாள்தோறும் புதிய பக்கங்கள் சேர்கின்றன. அவற்றை எழுதுவோர் பெரும்பாலும் செய்நிரல் கற்றவர் அல்லர். அவர் எழுதுவதை வாங்கிச் சேமித்து, வாசகர் கேட்கும்போது எடுத்து வழங்கும் மென்பொருளை உள்ளடக்க முகாமைத்துவ முறைமை என்பர். அதன் உள்ளமைப்பிலே பொருள்நோக்குச் செய்நிரலாக்கம் என்னும் முறை புகுந்ததனால் விளைந்த நன்மை யாது, அதற்குக் கொடுத்த விலை யாது என்பனவற்றை இன்று ஆராய்வோம்.

முதலில் அம்முறையின் இயல்பைக் காண்போம். பாடசாலையொன்றின் வரவு இடாப்பில் எவரும் எழுதலாம் என்று விட்டுவிட்டால், பிழை நேருமிடத்து அது யாரால் நேர்ந்தது என்று அறிதல் அரிது. இடாப்பைப் பொறுப்பாசிரியர் ஒருவரிடம் ஒப்படைத்து, விவரம் வேண்டுவோர் அவரிடமே கேட்டறிதல் வேண்டும் என விதித்தால் குழப்பம் ஒழியும். அதுபோலவே, தரவையும் அதனைக் கையாளும் செயல்களையும் ஒன்றாகப் பிணைத்து, அப்பிணைப்பைப் 'பொருள்' என வழங்குவர். ஓரினப் பொருள்களுக்கு அமைப்பு விதிப்பது 'வகுப்பு'. ஒரு வகுப்பின் இயல்புகளை மற்றொரு வகுப்புப் பெறுவது 'மரபுரிமை'. 1960களில் நோர்வே நாட்டின் ஒஸ்லோ நகரில் ஓலே-யோஹான் டால், கிறிஸ்டன் நைகார்ட் ஆகிய இருவரும் ஆக்கிய சிமுலா மொழியிலே இக்கருத்துக்கள் உருப்பெற்றன.

இனி, பெல்ஜிய நாட்டவரான டிரீஸ் பைட்டார்ட் 2001ஆம் ஆண்டில் வெளியிட்ட துரூப்பல் என்னும் முறைமையை எடுத்துக்கொள்வோம். அது பீ.எச்.பீ. மொழியில் எழுதப்பட்டது. அந்நாளில் அம்மொழியில் பொருள்நோக்கு வசதி குறைவாயிருந்தது. 2004இல் வந்த ஐந்தாம் பதிப்பே அக்குறையைப் பெரிதும் நீக்கியது. ஆகவே துரூப்பல் 'கொக்கி' எனும் உபாயத்தைக் கையாண்டது. விதித்தபடி பெயரிட்டு ஒரு சார்பை எழுதிவைத்தால், உரிய வேளையில் முறைமையே அதனைத் தேடி அழைக்கும். கற்பதற்கு எளிதாதலின் சிறு தளங்களை நடத்துவோரும் அதனை விரும்பினர். ஆயினும், கட்டுரையொன்றின் விவரங்கள் ஒன்றனுள் ஒன்றாய் அடுக்கிய அணிகளிலே கிடந்தன. பல கூறுகளும் அவற்றை நேரே தொட்டுத் திருத்தக்கூடுமாகையால், பிழை பிறந்த இடத்தைத் தேடுதல் பெரும்பாடாயிற்று.

2015 நவம்பரில் வெளிவந்த எட்டாம் பதிப்பு இந்நிலையை மாற்றியது. கட்டுரை, பயனர், வாசகர் கருத்து ஆகிய யாவும் ஒரே மூல வகுப்பின் வழித்தோன்றல்களாயின. சேமித்தல், மொழிபெயர்ப்பைத் தாங்குதல் போன்ற செயல்கள் அவற்றுக்குப் பொதுவுரிமையாயின. கட்டுரையின் தலைப்பு வேண்டுமாயின் அக்கட்டுரைப் பொருளையே கேட்டுப் பெறலாம். பிரான்சில் தோன்றிய சிம்பொனி என்னும் செய்நிரற்றொகுதியின் பாகங்களும் எடுத்தாளப்பட்டமையால், அதனிற் பழகியோர் இங்கும் எளிதிற் பணிபுரியலாயினர். எனினும் கொக்கிகள் முற்றாக நீங்கிவிடவில்லை.

இதற்குக் கொடுத்த விலையோ பெரிது. ஏழாம் பதிப்புக்கென எழுதிய கூறுகளைப் புதிதாய் எழுத வேண்டியதாயிற்று. தளத்தின் உள்ளடக்கம் முழுவதையும் புதிய அமைப்பிற்குப் பெயர்க்க வேண்டியிருந்தது. தாமே கற்றுத் தளம் நடத்தியோர்க்கு இது பெருஞ்சுமை. பழைய எளிமையைப் பேண விரும்பியோர் 2015 ஜனவரியில் பக்டிறொப் என்னும் கிளை முறைமையை வெளியிட்டனர். ஏழாம் பதிப்புக்கான ஆதரவு முடிவுநாளும் பன்முறை பிற்போடப்பட்டு, 2025 ஜனவரி 5ஆம் நாளிலேயே ஆதரவு நிறைவெய்தியது.

2020 ஜூனில் ஒன்பதாம் பதிப்பு வந்தபோதோ, எட்டிலிருந்து அதற்கு மாறுவது அத்துணைக் கடினமாயிருக்கவில்லை. கைவிடப்படும் செயல்கள் முன்னரே குறிக்கப்பட்டிருந்தன. ஒவ்வொரு கூறுக்கும் எல்லை வகுக்கப்பட்டிருந்தமை மாற்றத்திற்குத் துணைநின்றது.

ஆதலின், பலர் கூடிப் பல்லாண்டு பேணும் தளத்திற்கு இம்முறை அரணாகும். ஒருவர் ஓய்வு நேரத்தில் நடத்தும் சிறு தளத்திற்கோ அது சுமையாகவும் கூடும். முறைமையொன்றைத் தெரிவுசெய்வோர், அதனை நாளை பேணப்போகின்றவர் யார், அவர்க்குள்ள பயிற்சியும் பொழுதும் எவ்வளவு என்பனவற்றை முன்னரே எண்ணிப் பார்த்தல் நன்று.