அழாத பிள்ளைக்கும் பசிக்கும்

'அழுத பிள்ளைதான் பால் குடிக்கும்' என்று நம் வீடுகளில் சொல்வோம். டவுன் சிண்ட்ரோமுடன் பிறந்த குழந்தையின் விஷயத்தில் இந்தப் பழமொழியை நம்பினால் ஆபத்து. அந்தக் குழந்தை பசித்தாலும் பெரிதாக அழாது. நான்கு இழுப்பு இழுத்துவிட்டுத் தூங்கிப்போகும். பார்க்க வரும் உறவுக்காரர்கள், "சமத்துப் பிள்ளை, தொந்தரவே இல்லை" என்பார்கள். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, துணி நனையவே இல்லையே என்று கவனித்த பிறகுதான் வீடு பதறும்.

மறைமலை நகர் போன்ற ஊரில் இந்தப் பதற்றம் இன்னும் கூடும். இங்குள்ள தொழிற்பேட்டையிலும் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து ஆலைகளிலும் வேலை பார்க்கும் இளம் தம்பதிகள் பலர் வெளியூரிலிருந்து வந்து வாடகை வீட்டில் இருப்பவர்கள். கணவர் ஷிப்டுக்குக் கம்பெனி பஸ் ஏறிவிடுவார். பிள்ளை வளர்த்துக் கைதேர்ந்த பாட்டி ஊரில் இருப்பார். போனில் ஒரு யோசனை வரும்: "பால் பத்தலை போல, டப்பா பால் வாங்கிக் கொடும்மா." அந்தத் தாய்க்குப் பால் பற்றாமல் இல்லை. குழந்தைக்கு இழுக்கத் தெம்பு போதவில்லை. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை யாராவது அவரிடம் சொல்ல வேண்டும்.

டவுன் சிண்ட்ரோம் தாய் செய்த தவறால் வந்ததில்லை, கிரகணத்தால் வந்ததுமில்லை. 21-ஆம் குரோமோசோம் இரண்டுக்குப் பதிலாக மூன்று இருப்பதே காரணம் என்று 1959-இலேயே பாரிஸ் ஆய்வாளர்கள் கண்டறிந்துவிட்டார்கள். உலகெங்கும் சுமார் 700 முதல் 1,000 பிறப்புகளுக்கு ஒரு குழந்தை இப்படிப் பிறக்கிறது. இவர்களுக்குத் தசைகள் தளர்வாக இருக்கும். உதடு, கன்னம், தாடை, நாக்கு எல்லாமே தசையின் வேலைதான். வாய் சிறியது, நாக்கு முன்னால் தள்ளும். உறிஞ்ச வேண்டும், விழுங்க வேண்டும், நடுவில் மூச்சும் விட வேண்டும். இந்தத் தாளம் தப்பும்போது புரை ஏறுகிறது. ஏறத்தாழ பாதிக் குழந்தைகளுக்குப் பிறவி இதயக் குறையும் இருப்பதால் சீக்கிரம் களைத்துப்போகிறார்கள்.

'இந்தப் பிள்ளை தாய்ப்பால் குடிக்காது' என்று முதல் நாளே முடிவு கட்டுவதுதான் பெரிய தவறு. பல குழந்தைகள் நேரடியாகவே குடிக்கிறார்கள். சிலருக்குச் சில வாரங்கள் கைத்துணை வேண்டும். சளி, காது, நெஞ்சுத் தொற்று இவர்களுக்கு எளிதில் வரும் என்பதால் சீம்பாலும் தாய்ப்பாலும் மற்றக் குழந்தைகளைவிட இவர்களுக்குத்தான் அதிகம் தேவை.

செய்ய வேண்டியது இது. இரவு பகல் பாராமல் இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை குழந்தையை எழுப்புங்கள். போர்த்திய துணியை விலக்கி, உள்ளங்காலையும் முதுகையும் மெல்லத் தேய்த்து, சிறிது நேரம் தாயின் வெறும் மார்போடு சேர்த்துப் படுக்க வையுங்கள். விழித்ததும் தலையும் முதுகும் ஒரே நேர்கோட்டில், சற்று நிமிர்ந்த நிலையில் பிடியுங்கள். மார்பைத் தாங்கும் கையின் கடைசி மூன்று விரல்கள் அடியில் இருக்கட்டும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் முன்னால் நீண்டு குழந்தையின் இரண்டு கன்னங்களையும் லேசாக அணைக்கட்டும். அந்த இரு விரல்களுக்கு நடுவிலுள்ள பள்ளத்தில் குழந்தையின் தாடை வந்து உட்காரும். தொங்கிப்போகும் தாடைக்குத் தாயின் கையே முட்டுக் கொடுத்தாயிற்று. இதற்கு 'டான்சர் பிடி' என்று பெயர். நடனத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. டானர், செருட்டி என்ற இருவரின் பெயர்களைச் சேர்த்து வைத்தது. பிரசவ வார்டிலேயே செவிலியரிடம், "இந்தப் பிடியைச் செய்து காட்டுங்கள் சிஸ்டர்" என்று கேளுங்கள். ஒருமுறை பார்த்தால் கை பழகிவிடும்.

அரை மணி நேரத்துக்கு மேல் போராட வேண்டாம். குடிக்கும் சக்தியைவிடச் செலவாகும் சக்தி கூடிவிடும். மீதியைக் கையால் பீய்ச்சிப் பாலாடையில் கொடுக்கலாம். குழந்தை சரியாக இழுக்காத நாட்களில் ஒரு நாளைக்கு எட்டு முறையாவது பீய்ச்சினால்தான் சுரப்பு குறையாமல் இருக்கும். பீய்ச்சிய பால், மூடிய சுத்தமான பாத்திரத்தில் வெளியே 4 மணி நேரம், ஃபிரிட்ஜில் 24 மணி நேரம் இருக்கலாம். அடுப்பில் காய்ச்சாமல், வெந்நீர்க் கிண்ணத்தில் வைத்துச் சூடேற்றினால் போதும்.

பாலாடை, சங்கு என்று நாம் சொல்கிற அந்தச் சின்னக் கிண்ணத்தை இன்று பச்சிளம் குழந்தைப் பிரிவுகளிலும் பயன்படுத்துகிறார்கள். ஃபீடிங் பாட்டிலைவிடக் கழுவுவது சுலபம், தொற்று குறைவு. ஆனால் நம் வீடுகளில் பலர் குழந்தையைக் காலில் மல்லாக்கப் போட்டு, வாயைத் திறந்து, மளமளவென்று சாய்த்துவிடுகிறோம். டவுன் சிண்ட்ரோம் குழந்தைக்கு இது நேரே நுரையீரலுக்குள் பால் ஊற்றுவது போல. பாதி உட்கார்ந்த நிலையில் மடியில் வைத்து, பாலாடையின் மூக்கை உதட்டோரத்தில் வைத்து, கொஞ்சம் விட்டு, விழுங்கியதைப் பார்த்து, அதன் பிறகே அடுத்தது. சில குழந்தைகளுக்கு இருமலே வராமல் பால் மூச்சுக்குழாய்க்குள் இறங்கும். குடிக்கும்போது மூச்சு கரகரப்பதும், அடிக்கடி நெஞ்சுச் சளி பிடிப்பதும்தான் அதன் அறிகுறி.

சேனை வைப்பது, சர்க்கரைத் தண்ணீர், தேன், கழுதைப்பால், உரமருந்து, மூக்கில் எண்ணெய் விடுவது, தொக்கம் எடுப்பது எல்லாவற்றையும் பாட்டிமார்களின் கோபத்துக்கு அஞ்சாமல் நிறுத்திவையுங்கள். பாசத்தால் செய்கிறார்கள் என்பது உண்மை. எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரும் என்பதும் உண்மை.

பச்சையாக வாந்தி எடுத்தால் குடல் அடைப்பாக இருக்கலாம். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது, 108-ஐ அழையுங்கள். பிறந்து இரண்டு நாளாகியும் மலம் போகவில்லை, பால் குடிக்கும்போது நெற்றி வியர்க்கிறது, உதடு நீலம் பாய்கிறது, மூச்சு இளைக்கிறது, எழுப்பியும் எழவில்லை என்றாலும் உடனே மருத்துவமனைதான். முதல் வாரத்துக்குப் பிறகு ஒரு நாளைக்கு ஆறு முறையாவது சிறுநீர் போக வேண்டும். பிறந்த எடையை இரண்டு வாரத்துக்குள் எட்டாவிட்டால் காரணம் தேட வேண்டும். அறிகுறிக்காகக் காத்திராமலே செய்ய வேண்டிய சோதனைகள் இரண்டு: இதயத்துக்கு எக்கோ, தைராய்டுக்கு ரத்தப் பரிசோதனை. தைராய்டுச் சோதனையை ஆறாம் மாதமும் ஒரு வயதிலும் திரும்பச் செய்ய வேண்டும். தைராய்டு குறைந்தாலும் குழந்தை மந்தமாகத்தான் குடிக்கும்.

இவ்வளவுக்கும் நேரம் வேண்டும். ஒரு நாளைக்கு எட்டு முறை, ஒவ்வொரு முறையும் முக்கால் மணி என்றால் ஆறு மணி நேரம். அந்த நேரத்தைச் சட்டம் கொடுத்திருக்கிறது. மகப்பேறு நலச் சட்டத்தின் 2017 திருத்தத்தின்படி முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்துடன் விடுப்பு. இ.எஸ்.ஐ. அட்டை இருந்தால் அந்தப் பணம் அங்கிருந்து வரும். சந்தா கட்டிய நாட்கள் சரியாக இருக்கின்றனவா என்று கர்ப்ப காலத்திலேயே பாருங்கள். இ.எஸ்.ஐ. இல்லாவிட்டால், முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருந்தால் நிறுவனம் தர வேண்டும். "நீ கான்ட்ராக்ட், உனக்குக் கிடையாது" என்று சொன்னால் ஏற்காதீர்கள். தினக்கூலிப் பெண்களுக்கும் மகப்பேறு நலன் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டிலேயே தீர்ப்பளித்துவிட்டது. வேலைக்குத் திரும்பியதும் குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை தினமும் இரண்டு பாலூட்டும் இடைவேளை, 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம், அங்கே ஒரு நாளைக்கு நான்கு முறை போய்வர அனுமதி. 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இந்த உரிமைகள் 2020-ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் தொடர்கின்றன. மறுத்தால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் ஆய்வாளரிடம் எழுத்தில் புகார் கொடுக்கலாம். பெண்களுக்கு வக்கீல் செலவில்லாத சட்ட உதவி உண்டு, எண் 15100. ஒரு குறையையும் சொல்ல வேண்டும். குறைபாட்டுடன் பிறந்த குழந்தையின் தாய்க்கு 26 வாரத்துக்கு மேல் கூடுதல் விடுப்பு தனியார் ஆலையில் சட்டப்படி இல்லை. தொழிற்சங்கங்கள் கேட்க வேண்டிய கோரிக்கை அது.

டப்பா பால் விளம்பரமும் இலவச மாதிரியும் 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி தடை செய்யப்பட்டவை. மருத்துவர் காரணம் சொல்லி எழுதிக் கொடுத்தால் மறுக்க வேண்டாம். என்ன காரணம், எத்தனை நாள் என்று மட்டும் கேளுங்கள். தீவிரச் சிகிச்சையில் உள்ள குழந்தைகளுக்குத் தாய்ப்பால் வங்கி வசதியும் 2014 முதல் தமிழக அரசு மருத்துவமனைகளில் வந்திருக்கிறது.

ஒரு வயதுக்குட்பட்ட நோயுற்ற குழந்தைக்கு அரசு மருத்துவமனையில் மருந்தும் பரிசோதனையும் இலவசம். 2013-இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின் பட்டியலில் டவுன் சிண்ட்ரோமும் பிறவி இதயக் குறையும் இருக்கின்றன. அதன் மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையங்களில் குழந்தை மருத்துவர், பயிற்சியாளர் என ஒரே இடத்தில் பார்க்கலாம். பின்னாளில் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரையிலான நிரமயா மருத்துவக் காப்பீடு ஆகியவற்றுக்கும் விண்ணப்பிக்கலாம். எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் 104-ஐ அழைத்துக் கேளுங்கள்.

மறைமலை நகர் ரயில் நிலையத்திலிருந்து செங்கல்பட்டு மூன்றாவது நிறுத்தம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அங்கே இருக்கிறது. போகும்போது குழந்தை பால் குடித்த நேரம், சிறுநீர் போன எண்ணிக்கை, எடை மூன்றையும் ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொள்ளுங்கள். அப்பாவும் கூட வரட்டும். பாலாடையைப் பிடிக்க அவருடைய கையும் பழக வேண்டும்.