சூப்பர்சானிக்: ஒரு சொல்லின் இரு பொருள்கள்

"வௌவால் சூப்பர்சானிக் அலைகளை எழுப்புகிறது" என்று மாணவர் சிலர் விடைத்தாளில் எழுதுவதுண்டு. இன்று இது பிழை; மதிப்பெண் கிடைக்காது. ஆனால் 1938-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பியர்சும் கிரிஃபினும் வௌவாலின் ஒலியைப் பற்றி வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையின் தலைப்பில் இதே சொல்தான் இருந்தது! பிறகு பொருள் எவ்வாறு மாறியது?

இலத்தீன் மொழியில் 'சூப்பர்' என்றால் மேல். 'சோனஸ்' என்றால் ஒலி. ஆகவே சூப்பர்சானிக் என்பது 'ஒலிக்கு மேற்பட்ட' எனப் பொருள்படும் பெயரடை. ஒலியின் எந்தப் பண்புக்கு மேற்பட்டது என்பதை அது கூறவில்லை. குழப்பம் பிறந்தது இங்கேதான். தொடக்கத்தில் அச்சொல் அதிர்வெண்ணைக் குறித்தது. நம் செவி ஏறத்தாழ 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள அதிர்வுகளையே உணரும்; அதற்கு மேற்பட்டவை சூப்பர்சானிக் எனப்பட்டன. வானொலிப் பெட்டியின் 'சூப்பர்ஹெட்' சுற்று அப்பழைய பொருளின் எச்சமே.

விமானங்கள் ஒலியின் வேகத்தை நெருங்கியபோது, அதே சொல் வேகத்திற்கும் வழங்கலாயிற்று. பின்னர் அதிர்வெண்ணுக்கு 'அல்ட்ராசானிக்', வேகத்திற்கு 'சூப்பர்சானிக்' என்று வழக்கு நிலைத்தது. தமிழில் 'மீயொலி' என்ற சொல் இரண்டிற்கும் வழங்குவதால், வேகத்தைச் சொல்லும்போது 'மீயொலி வேகம்' என்று முழுமையாக எழுதுதல் நன்று.

அப்படியானால் மீயொலி வேகம் என்பது மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்னும் நிலையான அளவா? அன்று. காற்றில் ஒலியின் வேகம் வெப்பநிலையைப் பொறுத்தது. 20° செல்சியசில் அது மணிக்குச் சுமார் 1,235 கி.மீ. கடுங்குளிர் நிலவும் 11 கி.மீ. உயரத்தில் சுமார் 1,060 கி.மீ. மட்டுமே. எனவே விமானத்தின் வேகத்தை, அது பறக்கும் இடத்தில் ஒலிக்குள்ள வேகத்தால் வகுக்கிறோம். கிடைக்கும் ஈவு, ஆஸ்திரிய இயற்பியலார் எர்ன்ஸ்ட் மாக்கின் நினைவாக 'மாக் எண்' எனப்படும். அது 1-ஐ விஞ்சினால் சூப்பர்சானிக். 5-ஐ விஞ்சினால் ஹைப்பர்சானிக்.

1947 அக்டோபர் 14 அன்று அமெரிக்க விமானி சக் யேகர், பெல் எக்ஸ்-1 விமானத்தில் ஒலியை முந்தினார். ஏறத்தாழ 13 கி.மீ. உயரத்தில் அவருடைய வேகம் மணிக்குச் சுமார் 1,127 கி.மீ.; மாக் எண் 1.06. இதே வேகத்தில், 20° வெப்பமுள்ள காற்றில், தரையை ஒட்டிப் பறந்திருந்தால் மாக் எண் 0.91தான், ஒலி அவரை முந்தியிருக்கும்!

ஆகவே இச்சொல்லை எங்கே கண்டாலும் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: மிஞ்சியது அதிர்வெண்ணா, வேகமா? வேகம் எனில், எந்த இடத்து ஒலியின் வேகத்தை?