உண்ணும் நெல்லை வீட்டில் வையுங்கள்

கமக்கார வீட்டிலே கைப்பணம் எங்கே செல்கின்றது என்று ஒரு மாதம் எழுதிப் பார்த்தால், உணவுச் செலவே முதலில் நிற்கும். அதிலும் அரிசி பெரும் பங்கைப் பிடித்துக்கொள்ளும். நெல் விளைவிக்கும் வீடு அரிசிக்குக் காசு கொடுப்பது வியப்பாகத் தோன்றலாம். ஆயினும் இன்று அது வழக்கமாகிவிட்டது. அறுவடை இயந்திரம் வயலில் இறங்குகின்றது. ஈர நெல் வரம்போரத்திலேயே வியாபாரியின் லொறியில் ஏறுகின்றது. சில மாதங்கள் கழிய, அதே வீட்டுப் பிள்ளை கடைக்குச் சென்று, கொப்பியில் எழுதுவித்து அரிசி வாங்கி வருகின்றது.

சீனியிலும் தேயிலையிலும் மிச்சம்பிடிக்கலாம். அது நல்லதே, ஆனால் சிறிது. நெல்லில் மிச்சம்பிடிப்பதே கமக்காரருக்குப் பெரிது.

கணக்கைப் பாருங்கள். நெல்லைக் குற்றினால் 100 கிலோவுக்கு ஏறக்குறைய 65 கிலோ அரிசி கிடைக்கும். எனவே ஒரு கிலோ அரிசிக்கு ஒன்றரைக் கிலோவுக்குச் சற்று அதிகமான நெல் வேண்டும். உங்கள் ஊரில் ஒரு கிலோ காய்ந்த நெல்லுக்குக் கிடைக்கும் விலையை ஒன்றரையாற் பெருக்கி, குற்றுகூலியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அதுவே உங்கள் வீட்டு அரிசியின் விலை. அதனைக் கடையரிசியின் விலையோடு ஒப்பிட்டால், ஒவ்வொரு கிலோவிலும் நீங்கள் இழப்பது எவ்வளவு என்பது தெரியவரும். அறுவடைக் காலத்தில் நெல் விலை தாழ்ந்திருப்பதும், கார்த்திகை, மார்கழியில் அரிசி விலை ஏறிநிற்பதும் நீங்கள் அறிந்ததே. 2022 செப்தெம்பரில், கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி, உணவு விலைகள் முந்திய ஆண்டைவிட 94.9 சதவீதம் உயர்ந்திருந்தன. அத்தகைய காலத்தில், நெல் இருக்கும் வீடும் இல்லாத வீடும் ஒன்றல்ல.

எவ்வளவு வைக்க வேண்டும்? ஒருவருக்கு நாளொன்றுக்கு 300 கிராம் அரிசி என்று கொண்டால், ஐவர் உள்ள வீட்டுக்கு ஆறு மாதங்களுக்கு 270 கிலோ அரிசி வேண்டும். அதற்கு 415 கிலோ நெல், அதாவது 20 புசல் போதும். ஏக்கருக்கு 80 புசல் விளையும் வயலாயின், இது கால் ஏக்கரின் விளைவே. பெரும்போகமும் சிறுபோகமும் செய்வோருக்கு ஒவ்வொரு போகத்திலும் 20 புசல் வைத்தாற் போதுமானது. யாழ்ப்பாணத்திற் போல மழையை நம்பி ஒரே போகம் செய்வோர் 40 புசல் வைத்தல் வேண்டும். விதை நெல் இக்கணக்கிற் சேராது. அதனை வேறாகக் கட்டி வையுங்கள்.

"கடன்காரர் களத்தில் நிற்கும்போது நெல்லை எப்படி வைப்பது?" என்று கேட்பீர்கள். இது நியாயமான கேள்வி. அறுவடைக்குப் பின் இதனைத் தீர்க்க முடியாது. கடன் வாங்கும்போதே தீர்க்க வேண்டும். விளைவு முழுவதையும் எண்ணிக் கடன் பேசாமல், உண்ணும் நெல்லைக் கழித்துவிட்டு மிகுதியை எண்ணிப் பேசுங்கள். அதுவும் இயலாத ஆண்டில் 10 புசலாவது வையுங்கள். மூன்று மாதங்களுக்குக் கடைக் கொப்பி மூடியிருக்கும்.

நெல்லை வைப்பதில் வரும் நட்டமெல்லாம் பெரும்பாலும் ஈரத்தினால் வருவதே. நூற்றுக்கு 20 பங்கு ஈரமுள்ள 100 கிலோ நெல், 13 பங்கு ஈரத்துக்குக் காய்ந்தபின் 92 கிலோவாகும். எடை குறைந்ததென்று கவலைப்பட வேண்டாம். போனது நீர் மட்டுமே. படங்கில் இரண்டு விரல் தடிப்புக்கு மேற்படாமற் பரப்பி, அரை மணிக்கொருமுறை கிளறிவிடுங்கள். உச்சி வெயிலிற் கடுஞ்சூடு பட்டால் நெல் உள்ளே வெடித்து, குற்றும்போது குறுணலாகும். அவ்வேளையிற் குவித்து மூடிவைத்தல் நன்று. தார் வீதியிற் காயவிடுவோர் கல்லையும் சேர்த்தே வீட்டுக்குக் கொண்டுவருகின்றனர்.

காய்ந்ததா என்று அறியக் கருவி இல்லாதோர் உப்பைக் கொண்டு பார்க்கலாம். சட்டியில் வறுத்து ஆறவிட்ட தூளுப்பில் இரண்டு மூன்று கரண்டியை, உலர்ந்த கண்ணாடிப் போத்தலில் மூன்றில் ஒரு பங்கு நெல்லோடு இட்டு, மூடி, இரண்டு நிமிடம் குலுக்குங்கள். பத்து நிமிடம் வைத்துப் பாருங்கள். கண்ணாடியில் உப்பு ஒட்டியிருந்தால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல். ஒட்டாவிட்டாலும் உடனே கட்டிவிடாமல், இன்னும் ஒரு நாள் வெயில் காட்டுங்கள். மாதக்கணக்கில் வைக்கும் நெல்லுக்கு 13 சதவீதமே பாதுகாப்பானது. சூடு ஆறிய பின்னரே சாக்கிற் கட்ட வேண்டும். சூட்டோடு கட்டிய நெல் உள்ளே வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும்.

கொம்பறை உள்ள வீடுகள் இப்போது மிகக் குறைவு. சாக்கில் வைப்போர், சீமெந்துத் தரையில் நேரே வையாது, பலகை அடுக்கி அதன்மேல், சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வையுங்கள். பழைய சாக்குகளை வெந்நீரில் அமிழ்த்திக் காயவைத்தால், தையலில் ஒளிந்திருக்கும் வண்டும் முட்டையும் அழியும். இறுக மூடும் பிளாஸ்டிக் பீப்பாய் மிக நன்று. நன்கு காய்ந்த நெல்லை வாய்வரை நிரப்பி மூடினால், உள்ளே காற்றுக் குறைந்து அந்தும் வண்டும் பெருகமாட்டா. ஆனால் இரசாயனப் பொருள் இருந்த பீப்பாயை எவ்வளவு கழுவினாலும் உணவுக்குப் பயன்படுத்தலாகாது. உண்ணும் நெல்லுக்கு வயலுக்கு அடிக்கும் மருந்து எதனையும் தூவுவதும் கூடாது. உலர்ந்த வேப்பிலையைப் படைபடையாக இடுவது பழைய வழக்கம். அது பூச்சியை ஓரளவு தடுக்கும். ஈர நெல்லைக் காப்பாற்றாது. மாதம் ஒருமுறை சாக்கினுள் கையை விட்டுப் பாருங்கள். சூடு தெரிந்தாலோ, சிறு அந்துகள் பறந்தாலோ, அன்றே வெளியே எடுத்துக் காயவிடுங்கள்.

குற்றுவதை ஒரேயடியாகச் செய்ய வேண்டாம். அரிசி நெல்லைப்போல நாட்படத் தாங்காது. இரண்டு மூன்று வாரத்துக்குப் போதுமானதை அவித்துக் காயவைத்துக் குற்றுவிக்கலாம். அவித்த நெல்லிற் குறுணல் குறையும். ஆலையிலே தவிட்டைக் கேட்டு வாங்க மறவாதீர்கள். கோழியும் மாடும் உள்ள வீட்டுக்கு அதுவும் காசே.

தோட்டக்காரருக்கும் இக்கணக்குப் பொருந்தும். பச்சை மிளகாயை முழுவதும் விற்றுவிட்டுக் கடையிலே தூள் வாங்கும் வீடுகள் பல. விலை விழும் வாரத்திற் சில வரிசைகளைப் பறியாது பழுக்கவிட்டு, வெயிலிற் காயவைத்தால், மூன்று நான்கு கிலோ பழத்துக்கு ஒரு கிலோ செத்தல் மிளகாய் கிடைக்கும். சின்ன வெங்காயத்தைத் தாளோடு பிடிபிடியாகக் கட்டி, காற்றோட்டமான நிழலில் தொங்கவிடுங்கள். அடுப்படிக் கூரையின் கீழ் தொங்குவதும் நல்லதே. புகை படுவதால் அழுகல் குறையும்.