டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டா விந்தணு ஏன் குறையுது? லீடிக் செல்கள் பற்றித் தெரிஞ்சுக்கலாம்

டெஸ்டோஸ்டிரோன் ஆண்களின் ஹார்மோன். அப்போ அதை ஊசியாக ஏத்திக்கிட்டா விந்தணுவும் கூடணும்தானே? ஜிம்முக்குப் போகிற பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். நடப்பது நேர் எதிர். ஊசி தொடரத் தொடர விந்தணு எண்ணிக்கை சரிகிறது. பலருக்கு பூஜ்யத்துக்கே போய்விடுகிறது. இதே ஊசியை ஆண்களுக்கான கருத்தடை முறையாக உலக சுகாதார நிறுவனம் பரிசோதித்தே பார்த்திருக்கிறது.

ஆண்மைக்கான ஹார்மோன் எப்படி கருத்தடை மருந்தாக மாறுகிறது? இதற்கான பதில் லீடிக் செல்களில் இருக்கிறது.

லீடிக் செல்கள் எங்கே இருக்கின்றன?

விதைப்பைக்குள் இருக்கும் விந்தகத்தில், நூல்கண்டு போலச் சுருண்ட மெல்லிய குழாய்கள் நிறைந்திருக்கும். விந்தணு உருவாவது இந்தக் குழாய்களுக்குள். குழாய்களுக்கு இடையே உள்ள இடுக்குகளில் கொத்துக் கொத்தாக இருப்பவைதான் லீடிக் செல்கள்.

1850-ல் இவற்றை முதலில் விவரித்தவர் ஃபிரான்ஸ் லீடிக் என்ற ஜெர்மன் விஞ்ஞானி. இவை செய்யும் வேலை அப்போது யாருக்கும் தெரியாது. 1935-ல் ஆம்ஸ்டர்டாமில் எர்ன்ஸ்ட் லக்கேர் குழுவினர் காளைகளின் விந்தகத்திலிருந்து டெஸ்டோஸ்டிரோனைப் பிரித்தெடுத்தனர். ஆண் உடலில் உள்ள டெஸ்டோஸ்டிரோனில் சுமார் 95 சதவீதத்தை லீடிக் செல்கள்தான் தயாரிக்கின்றன. மூலப்பொருள், நாம் பயப்படும் அதே கொலஸ்ட்ரால். ஒரு நாள் உற்பத்தி சில மில்லிகிராம் மட்டுமே.

ஊசி போட்டா ஏன் இது நிற்குது?

லீடிக் செல்கள் தாமாக வேலை செய்வதில்லை. மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி எல்ஹெச் என்ற ஹார்மோனை அனுப்பினால்தான் அவை இயங்கும். எஃப்எஸ்ஹெச் என்ற இன்னொரு ஹார்மோன், விந்தணுவை வளர்க்கும் செர்டோலி செல்களுக்குப் போகும். ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் போதுமான அளவு இருந்தால் மூளை இரண்டையும் குறைத்துவிடும்.

மொட்டைமாடி தண்ணீர் தொட்டியில் சென்சார் இருக்குமே, அது மாதிரிதான். லாரி தண்ணீரை ஊற்றி தொட்டியை நிரப்பிவிட்டால் சென்சார் 'ஃபுல்' என்று காட்டும், மோட்டார் ஓடாது. ஆனால் மோட்டாருக்குப் பக்கத்திலேயே ஒரு தோட்டம் இருந்து, அதற்கு மோட்டாரிலிருந்து நேரடிக் குழாய் போனால்? தொட்டி நிறைந்திருந்தும் தோட்டம் காயும்.

அந்தத் தோட்டம்தான் விந்தணுக் குழாய்கள். விந்தணு உருவாக, ரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு அதிக டெஸ்டோஸ்டிரோன் விந்தகத்துக்குள் இருக்க வேண்டும். அதை அங்கேயே இருக்கும் லீடிக் செல்கள் மட்டுமே தர முடியும். ஊசி ரத்தத்தில்தான் அளவை ஏற்றும். அதனால்தான் ரத்தப் பரிசோதனையில் டெஸ்டோஸ்டிரோன் அமோகமாக இருக்கும் ஒருவரின் விந்துப் பரிசோதனையில் ஒரு விந்தணுகூட இல்லாமல் போகலாம். விந்தகம் சுருங்குவதும் இதனால்தான்.

ஆய்வில் என்ன தெரிஞ்சது?

உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு 1990-ல் 'லான்செட்' இதழில் வெளியானது. 7 நாடுகளைச் சேர்ந்த ஆரோக்கியமான 271 ஆண்களுக்கு வாரம் 200 மில்லிகிராம் ஊசி போடப்பட்டது. 6 மாதங்களுக்குள் 157 பேருக்கு விந்தணு பூஜ்யமானது. அவர்களில் அடுத்த கட்டத்துக்கு வந்தவர்கள் ஓராண்டு வேறு கருத்தடை இல்லாமல் இருந்தனர். கருத்தரிப்பு ஒன்றே ஒன்றுதான்.

ஊசியை நிறுத்தினா சரியாகிடுமா?

பெரும்பாலும் ஆகும். ஆனால் உடனே இல்லை. இதுபோன்ற 30 ஆய்வுகளை, 1,549 ஆண்களின் தகவல்களோடு, 2006-ல் தொகுத்துப் பார்த்தார்கள். ஒரு மில்லிலிட்டருக்கு 2 கோடி விந்தணு என்ற அளவுக்குத் திரும்பும் வாய்ப்பு 6 மாதத்தில் 67 சதவீதம், ஓராண்டில் 90 சதவீதம், 2 ஆண்டுகளில் 100 சதவீதம்.

கேட்க நிம்மதியாக இருக்கும். ஆனால் அவர்கள் ஆரோக்கியமானவர்கள். அளவான மருந்தை மருத்துவர்கள் கண்காணிப்பில் எடுத்தவர்கள். பல ஸ்டீராய்டுகளைக் கலந்து ஆண்டுக்கணக்கில் போட்டவருக்கு இதே உத்தரவாதத்தைத் தர முடியாது. குழந்தைக்கு முயலும் தம்பதிக்கு, மனைவியின் வயதையும் சேர்த்துப் பார்த்தால், 2 ஆண்டு என்பது சின்ன விஷயமும் இல்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஊசியை நிறுத்தியதும் லீடிக் செல்கள் உடனே விழிப்பதில்லை. இடைப்பட்ட காலத்தில் சோர்வு, மனச்சோர்வு, பாலுறவில் நாட்டமின்மை வரலாம். அதைத் தாங்க முடியாமல் மறுபடி ஊசிக்கே போகிறவர்கள் உண்டு.

நிஜமாவே குறைபாடு இருந்தா?

உண்மையான குறைபாடு உள்ளவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் அவசியமான மருந்துதான். ஆனால் குழந்தை வேண்டும் என்பவர்களுக்கு அதை மட்டும் தனியாகக் கொடுக்கக் கூடாது என்கிறது அமெரிக்க சிறுநீரகவியல் சங்கத்தின் வழிகாட்டுதல். எல்ஹெச் போலவே வேலை செய்யும் ஹெச்சிஜி ஊசி, மூளையைத் தூண்டும் க்ளோமிஃபீன் மாத்திரை போன்ற மாற்று வழிகள் உள்ளன. எது யாருக்கு என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஆய்வாளர்கள் இன்னொரு வழியையும் தேடுகிறார்கள். எலிகளில் லீடிக் செல்களை ரசாயனம் கொடுத்து முழுவதுமாக அழித்தாலும், சில வாரங்களில் அவை மீண்டும் முளைக்கின்றன. அவற்றை உருவாக்கும் ஸ்டெம் செல்கள் 2006-ல் எலிகளில் அடையாளம் காணப்பட்டன. ஹார்மோனை வெளியிலிருந்து தருவதற்குப் பதில், அதைத் தயாரிக்கும் செல்லையே மீட்பதுதான் இலக்கு. இது இன்னும் வழக்கமான சிகிச்சையாகவில்லை.

என்ன செய்யலாம்?

* டெஸ்டோஸ்டிரோன் பரிசோதனையைக் காலையில், இரண்டு வெவ்வேறு நாட்களில் எடுங்கள். ஒரே ரிப்போர்ட்டை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.
* தூங்குங்கள். 2011-ல் வெளியான சிகாகோ பல்கலைக்கழக ஆய்வில், ஒரு வாரம் இரவுக்கு 5 மணி நேரம் மட்டுமே தூங்கிய 10 இளைஞர்களுக்கு பகல்நேர டெஸ்டோஸ்டிரோன் 10 முதல் 15 சதவீதம் குறைந்தது.
* தொப்பையைக் குறையுங்கள். உடல் கொழுப்பு, டெஸ்டோஸ்டிரோனை ஈஸ்ட்ரோஜனாக மாற்றும்.
* ஜிம் பயிற்சியாளர் சொன்னார், நண்பர் சொன்னார் என்று ஊசி போடாதீர்கள். இது மருத்துவர் சீட்டோடு மட்டுமே வாங்க வேண்டிய மருந்து.
* ஏற்கெனவே போட்டிருந்தால் மருத்துவரிடம் மறைக்காதீர்கள். குழந்தையின்மைக்காக தம்பதியாகப் பரிசோதனைக்குப் போகும்போது இந்த ஒரு தகவலை நீங்கள் சொல்லாவிட்டால், தேவையே இல்லாத சிகிச்சைகளை உங்கள் மனைவி அனுபவிக்க நேரலாம்.